பூஞ்சையை வைத்துச் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் புராஜெக்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி புராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் சமயம் வந்தால், ‘பூஞ்சை கொண்டு சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்தல்’ தவறாமல் பட்டியலில் இருக்கும். செலவு குறைவு, ஆறு மாதத்தில் முடியும், படம் எடுத்துப் போட்டால் பளிச்சென்று தெரியும். சந்தேகங்களும் வருடா வருடம் அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். முதலில் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிடுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

பூஞ்சை சாயத்த தின்னுடும்னு சொல்றாங்களே, நிஜமா தின்னுதா?

பெரும்பாலும் தின்பதில்லை. நடப்பது இரண்டு வேலைகள். ஒன்று, சாய மூலக்கூறு பூஞ்சை இழைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்வது. பூஞ்சைச் சுவரில் கைட்டின், குளுக்கான், புரதம் எல்லாம் இருப்பதால் சாயம் பிடித்துக்கொள்ள இடம் நிறைய உண்டு. செத்த பூஞ்சைகூட இந்த வேலையைச் செய்யும். இரண்டாவது, பூஞ்சை வெளியே விடும் நொதிகள் சாயத்தை உடைப்பது. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ், லிக்னின் பெராக்சிடேஸ் ஆகியவை மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைப்பதற்காக வெண்ணழுகல் பூஞ்சைகளிடம், அதாவது மரத்தை வெளிறி அழுகவைக்கும் பூஞ்சைகளிடம், இருப்பவை. லிக்னின் ஒழுங்கில்லாத வளைய அமைப்பு கொண்டது. அதனால் இந்த நொதிகளும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, சாய வளையங்களையும் சேர்த்தே உடைக்கின்றன.

உங்கள் ஆய்வேட்டின் தரம், இந்த இரண்டில் எது எவ்வளவு நடந்தது என்று பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது. ‘நிறம் 95 சதவீதம் குறைந்தது’ என்ற ஒரு வரிக்கு மட்டும் மதிப்பு அதிகமில்லை.

அப்போ அந்தத் தண்ணிய குடிக்கலாமா சார்?

கூடாது. பூஞ்சை உப்பை எடுக்காது, கிருமியைக் கொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். 100 மி.லி. தண்ணீரில் ஈ. கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரைப் பூஞ்சை வழியாக எத்தனை முறை விட்டாலும் உப்பு அப்படியே நிற்கும். தலைப்பில் ‘சுத்திகரிப்பு’ என்று போடாமல் ‘நிறநீக்கம்’ என்று போட்டால் வைவாவில் பாதிக் கேள்வி குறையும்.

பூஞ்சைய எங்கேர்ந்து எடுக்கிறது? சண்டிகர்லேர்ந்துதான் வாங்கணுமா?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தெரிந்த வகை வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேகரிப்பிலோ, புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் தேசியப் பூஞ்சைச் சேகரிப்பிலோ வாங்கலாம். மற்றபடி டெல்டாவில் பஞ்சமே இல்லை. தென்னந்தோப்புக்குப் போங்கள். தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குத் ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அதற்குக் காரணமான கேனோடெர்மா ஒரு நல்ல லாக்கேஸ் பூஞ்சை. மரத்தின் அடியில், செங்காவி நிறத்தில், மேலே வார்னிஷ் அடித்தது போல மினுக்கும் கட்டைக் காளான் அதுதான். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் 2018 கஜா புயலில் சாய்ந்த தோப்புகளில் விட்டுப்போன அடிக்கட்டைகளையும் பாருங்கள்.

காளானை வெளித்தோலோடு எடுக்காதீர்கள். கத்தியைத் தீயில் காட்டி, காளானைப் பிளந்து, உள்ளே காற்றுப் படாத சதையில் அரிசி அளவுத் துண்டாக எடுங்கள். 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், பிறகு கிருமிநீக்கிய தண்ணீரில் மூன்று அலசல், வடிதாளில் ஒற்றிவிட்டுப் பிளேட்டில் வையுங்கள். ஈரமாகவே வைத்தால் துண்டைச் சுற்றிப் பாக்டீரியா பரவிவிடும். தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், போய்வந்த செருப்பையும் கத்தியையும் கழுவிவிடுங்கள். இது தென்னைக்கு நோய். ஒரு தோப்பு மண் இன்னொரு தோப்புக்குப் போகக் கூடாது.

ரெடிமேட் மீடியா தீந்துபோச்சு. உருளைக்கிழங்க வேக வச்சு நாமே செஞ்சா சரிவருமா?

சரிவரும். தோல் சீவிய கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 15 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். கிழங்கைச் சிறு துண்டாக்கி அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, மசிக்காமல் துணியில் வடியுங்கள். மசித்தால் மாவு இறங்கிக் கலங்கலாகும், பிறகு நிறம் அளக்கும் பிளேட்டில் எதுவும் தெளிவாகத் தெரியாது. பி.எச். 5.6 வைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ்.

போர் தண்ணீரில் மட்டும் செய்யாதீர்கள். டெல்டாவின் கடலோரப் பகுதிப் போர் தண்ணீரில் பைகார்பனேட்டும் கால்சியமும் தாராளம். ஆட்டோகிளேவில் சூடேறும்போது பி.எச். நகரும், பாஸ்பேட் போட்ட மீடியாவாக இருந்தால் கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளையாக அடியில் தங்கிவிடும். வாலை வடிநீர்தான் பாதுகாப்பு.

பிளேட்ல நான் வச்சத தவிர எல்லாமே வளருது. என்ன பண்றது?

என்ன வளர்கிறது என்று முதலில் பாருங்கள். கூழாக, பளபளப்பாக இருந்தால் பாக்டீரியா. லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்ஃபெனிக்கால் போடுங்கள். அது சூட்டைத் தாங்கும், மீடியாவோடு சேர்த்தே ஆட்டோகிளேவில் வைக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் என்றால் மீடியா 50 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். டார்டாரிக் அமிலம் விட்டு பி.எச். 3.5க்குக் கொண்டுவருவதும் ஒரு வழிதான். ஆனால் அமிலம் விட்டபின் அந்த அகாரை மறுபடி உருக்கினால் அது இறுகவே இறுகாது, கஞ்சியாக நிற்கும்.

பச்சைப் பொடி என்றால் டிரைக்கோடெர்மா. உங்கள் பூஞ்சையை விட வேகமாக ஓடி அதன் மேலேயே ஏறும். கறுப்புப் புள்ளி ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். பஞ்சு மாதிரி இரண்டே நாளில் மூடியை முட்டினால் ரைசோபஸ். ஆரஞ்சு நிறத் தூளாக வந்தால் நியூரோஸ்போரா, அதற்குத்தான் பயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சடைப்பு ஈரமானால் அதன் வழியாகவே உள்ளே போய்விடும். ஒருமுறை திறந்தால் அறை முழுக்க அதன் வித்துதான். மூடியைத் திறக்காமல், பையில் போட்டு, நேரே ஆட்டோகிளேவுக்குக் கொண்டுபோங்கள்.

பிளேட் மேல கோடு கோடா, புள்ளி புள்ளியா பாதை மாதிரி வேற பூஞ்சை வருது. காத்துலேர்ந்து விழுந்தா இப்படி வராதே?

வராது. அது மைட்ஸ், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிலந்தி இனப் பூச்சி. நடந்துபோன வழியெல்லாம் காலில் ஒட்டிய வித்தை விதைத்துவிட்டுப் போகிறது. வைக்கோலையும் மண்ணையும் கல்ச்சர் வைத்த அறையிலேயே வைத்தால் இது நிச்சயம். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பிளேட் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளையாக நகரும். அந்த பிளேட்டையும் அதே அடுக்கில் இருந்த பிளேட்டுகளையும் ஆட்டோகிளேவ் செய்துவிட்டு, அலமாரியைத் துடையுங்கள். காப்பாற்றியே ஆக வேண்டிய கல்ச்சர் என்றால், சாய்வுக் குழாயில் வளர்த்து, மேலே கிருமிநீக்கிய லிக்விட் பாரஃபின் ஊற்றி மூழ்கடித்து வையுங்கள்.

பத்து பூஞ்சை பிடிச்சிருக்கேன். எல்லாத்தையும் சாயத்துல போட்டுப் பாக்கணுமா?

வேண்டாம். லிட்டருக்கு 0.1 மி.லி. குவையகால் சேர்த்த பிளேட்டில் வளர்த்துப் பாருங்கள். லாக்கேஸ் விடும் பூஞ்சையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் மூன்று முதல் ஐந்து நாளில் வரும். வராதவற்றை ஒட்டும் திறனுக்காக மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ், ரைசோபஸ் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கட்சி.

வளையம் வந்ததை 0.2 மில்லிமோலார் காப்பர் சல்பேட் சேர்த்த திரவத்தில் வளர்த்து நொதியை அளக்கலாம். லாக்கேஸின் நடுவில் இருப்பதே செம்பு என்பதால் செம்பு பல பூஞ்சைகளில் அதைத் தூண்டும். அளக்க ஏ.பி.டி.எஸ். (லாக்கேஸ் பட்டால் நிறம் ஏறும் வேதிப்பொருள்), 420 நானோமீட்டர், பி.எச். 4.5 அசிடேட் பஃபர். கணக்கில் பலர் தடுமாறுவதால் ஒரு எடுத்துக்காட்டு: மொத்தம் 3 மி.லி., அதில் நொதித் திரவம் 0.1 மி.லி., நிமிடத்துக்கு ஒளி உட்கவர்தல் 0.12 ஏறுகிறது. 0.12ஐ 36ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 0.1ஆல் வகுத்தால் 0.1, அதாவது மி.லி.க்கு 0.1 யூனிட், லிட்டருக்கு 100 யூனிட். 36 என்பது ஏ.பி.டி.எஸ். ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் அதன் மில்லிமோலார் உட்கவர் கெழு.

எத்தனை ஃபிளாஸ்க் வைக்கணும்? கண்ட்ரோல் ஒண்ணு போதாதா?

போதாது. குறைந்தது நாலு வகை: உயிருள்ள பூஞ்சையும் சாயமும், ஆட்டோகிளேவில் கொன்ற பூஞ்சையும் சாயமும், பூஞ்சை இல்லாமல் மீடியாவும் சாயமும், சாயம் இல்லாமல் பூஞ்சை மட்டும். கடைசியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பூஞ்சை தானே விடும் பழுப்பு நிறமி அளவீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதைக் கழிக்க இது வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று ஃபிளாஸ்க். ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து மூன்று முறை எடுத்து அளப்பது மூன்று பிரதி ஆகாது.

250 மி.லி. ஃபிளாஸ்க்கில் 100 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள், காற்று போதாது. வளரும் ஓரத்திலிருந்து எடுத்த 8 மி.மீ. அகார் வில்லைகள் மூன்று, 28 டிகிரி, 120 சுற்று. வில்லையைக் காலனியின் நடுவிலிருந்து எடுத்தால் வயதான இழை, கிளம்பவே இரண்டு நாள் கூடுதலாகும். கொன்ற பூஞ்சையில் ஒரு சிக்கல் உண்டு. வேகவைத்த சுவர் பிளந்து, உயிருள்ளதை விட அதிகமாகக்கூடச் சாயம் பிடிக்கலாம். அதைத் தவிர்க்கச் சிலர் சோடியம் அசைடு போடச் சொல்வார்கள். அமில மீடியாவில் அது விஷ வாயு விடும். மாணவர் லேபுக்கு அது வேண்டாம்.

காங்கோ ரெட் மூணே நாள்ல சிவப்பு போயி 98 சதவீதம் வந்துடுச்சு! கட்டுரை எழுதிடலாமா?

பொறுங்கள். பி.எச். எவ்வளவு? காங்கோ ரெட் ஒரு காட்டியும்கூட. பி.எச். 5.2க்கு மேல் சிவப்பு, 3க்குக் கீழே நீலம். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்களை விட்டு மீடியாவை மூன்றுக்கும் கீழே இறக்கிவிடும். நீங்கள் 497 நானோமீட்டரில் அளக்கிறீர்கள், சாயம் நிறம் மாறி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது அல்லது திரிந்து அடியில் படிந்திருக்கிறது. சாயம் எங்கேயும் போகவில்லை. மீத்தைல் ஆரஞ்சும் இப்படித்தான், 3.1க்கும் 4.4க்கும் நடுவே மாறும்.

சோதிப்பது சுலபம். தெளிந்த திரவம் 2 மி.லி., பி.எச். 7 பாஸ்பேட் பஃபர் 2 மி.லி. கலந்து மறுபடி பாருங்கள். சிவப்பு திரும்பினால் கட்டுரை இல்லை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ரெமசால் பிரில்லியன்ட் புளூ ஆர் எடுங்கள். உச்சம் 595 நானோமீட்டர் பக்கம், பூஞ்சை வளரும் பி.எச்.சில் நிறம் அசையாது, லாக்கேஸுக்கும் பிடித்த சாயம். காங்கோ ரெட்டுக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. அது பென்சிடின் அடிப்படைச் சாயம், உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பென்சிடினே வரலாம். நெசவுத் தொழிலே கைவிட்ட சாயத்தை லேபில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு, அலமாரியில் பாட்டில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஒட்டிக்கிட்டதா, உடைஞ்சுதான்னு எப்படி நிரூபிக்கிறது? நம்ம காலேஜ்ல பெரிய மெஷின் எதுவும் கிடையாது.

சாதாரண ஸ்பெக்ட்ரோவிலேயே பெரும்பகுதி முடியும். ஒரே அலைநீளத்தில் அளக்காமல் 350 முதல் 750 வரை முழு வரைவு எடுங்கள். எல்லா உச்சமும் ஒரே விகிதத்தில் தாழ்ந்தால் ஒட்டியிருக்கிறது. ஒரு உச்சம் மறைந்து இன்னொரு இடத்தில் புதிதாக எழுந்தால் உடைந்திருக்கிறது. அடுத்து பூஞ்சையைப் பாருங்கள். வெள்ளை உருண்டை நீல உருண்டையாக இருக்கிறதா? அதை வடித்தெடுத்து மெத்தனாலில் அரைமணி நேரம் குலுக்கி, வெளிவந்த சாயத்தை அளங்கள். போட்ட சாயத்தில் தண்ணீரில் மிச்சம், இழையில் ஒட்டியது, இரண்டையும் கழித்தால் வருவதுதான் உடைந்ததற்கான உச்சவரம்பு. மெத்தனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாது என்பதால்தான் உச்சவரம்பு என்கிறோம்.

பெரும்பாலும் முதல் நாள் உருண்டை நீலமாகி, நாலைந்து நாளில் மறுபடி வெளுக்கும். முதலில் ஒட்டி, பிறகு உடைகிறது. நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், அந்தப் படம் பக்கம் பக்கமான விளக்கத்தை மிச்சப்படுத்தும். ஒட்டும் திறனுக்கான கணக்கு: லிட்டருக்கு 50 மி.கி. சாயம் 10 ஆகிறது, திரவம் 100 மி.லி., பூஞ்சையின் உலர் எடை 0.2 கிராம் என்றால் கிராமுக்கு 20 மி.கி. உலர் எடை என்பது 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தியது. ஈர எடையைப் போட்டால் பத்து மடங்கு பிசகும்.

ஸ்பெக்ட்ரோ ரீடிங் ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது. மெஷின் கோளாறா?

மெஷின்மேல் பழி போடும் முன் மூன்றைப் பாருங்கள். வடிதாளில் வடித்தீர்களா? காங்கோ ரெட் மாதிரிச் சாயங்கள் செல்லுலோஸைப் பிடித்துக்கொள்ளும், தாளிலேயே பாதி நின்றுவிடும். வடிக்காமல் 5000 சுற்றில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். இரண்டாவது, உட்கவர்தல் 1க்கு மேல் போகிறதா? அப்படியென்றால் நீர்த்துப்போகச் செய்து அளந்து பெருக்குங்கள். மூன்றாவது, சாயமே இல்லாத 750 நானோமீட்டரில் எதாவது காட்டுகிறதா? காட்டினால் அது மிதக்கும் இழைத் துணுக்கு ஒளியைச் சிதறடிப்பது.

நிறம் போயிடுச்சு, ஆனா சி.ஓ.டி. பாத்தா ஆயிரக்கணக்குல இருக்கு. எங்க தப்பு?

தப்பு இல்லை, உங்கள் சர்க்கரை. சி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன், சர்க்கரையும் அதில் சேரும். ஒரு கிராம் குளுக்கோஸுக்கு சி.ஓ.டி. ஏறக்குறைய 1.07 கிராம். லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் போட்ட மீடியாவுக்கு அதுவே பத்தாயிரத்துக்கு மேல். லிட்டருக்கு 100 மி.கி. சாயத்தின் சி.ஓ.டி. ஒன்றிரண்டு நூறுக்குள்தான். சாயத்தை எடுக்கப்போய், அதைவிடப் பல மடங்கு மாசை நாமே ஊற்றியிருக்கிறோம். இதைக் கவனிக்காத ஆய்வேடுகள் ஏராளம். சர்க்கரையை 2 கிராமுக்குக் குறைத்துப் பாருங்கள். அல்லது பூஞ்சையைத் தனியே வளர்த்து, கழுவி, சாயத் தண்ணீரில் மாற்றிப் போடுங்கள்.

கடலோரத் தண்ணீரில் குளோரைடும் சி.ஓ.டி.யைக் கூட்டிக் காட்டும். குளோரைடின் எடையைப் போலப் பத்து மடங்கு மெர்க்குரிக் சல்பேட் சேர்க்க வேண்டும். குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி. தாண்டினால் அந்த முறையே ஒத்துவராது, நீர்த்துத்தான் செய்ய வேண்டும்.

நிறமும் சி.ஓ.டி.யும் இறங்கினாலும் நச்சு இறங்கியதாகச் சொல்லிவிட முடியாது. காங்கோ ரெட் போன்ற ஆசோ சாயம் காற்றில்லாமல் உடைந்தால் நிறமற்ற அமீன்கள் வரும், அவை சாயத்தை விடக் கொடியவை. நச்சைச் சோதிக்க: பாசிப்பயறு 20 விதை, வடிதாள், 10 மி.லி. தண்ணீர், மூன்று நாள் கழித்து வேர் நீளம். சுத்திகரிக்காதது, சுத்திகரித்தது, வெறும் வடிநீர் என மூன்று தட்டு வையுங்கள். பைசா செலவில்லை.

கரன்ட் போனா, வெயில் ஏறுனா என்ன ஆகும்?

ஷேக்கர் ஒரு மணி நேரம் நின்றால் பெரிய சேதமில்லை, இரவு முழுக்க நின்றால் அந்தத் தொகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடியில் படிந்த உருண்டைக்கு ஆக்சிஜன் போகாது, லாக்கேஸுக்கு ஆக்சிஜன் கட்டாயம். சிப்பிக் காளான் 25 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும், சித்திரை வெயிலில் அறை 36ஐத் தொட்டால் நின்றுவிடும். குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டர் இல்லையென்றால் மார்கழி, தை மாதங்களில் வேலையை முடித்துவிடுங்கள், அல்லது சூட்டை விரும்பும் வெண்ணழுகல் பூஞ்சையான ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியத்துக்கு மாறுங்கள். அது 37 முதல் 40 டிகிரியில் செழிக்கும்.

எல்லா கல்ச்சரையும் ஃபிரிட்ஜ்ல பத்திரமா வச்சேன். வைக்கோல் காளான் மட்டும் செத்துப்போச்சே?

அது வெப்பநாட்டுப் பூஞ்சை, 4 டிகிரியில் செத்துவிடும். வைக்கோல் காளானை 15 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், அடிக்கடி புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். மற்றவற்றுக்கு 4 டிகிரி சாய்வுக் குழாய் போதும். கிருமிநீக்கிய வடிநீரில் நாலைந்து அகார் வில்லைகளைப் போட்டு அறைச் சூட்டிலேயே இறுக மூடி வைப்பதும் பழைய, நம்பகமான வழி.

வைக்கோல்ல சிப்பிக் காளான வளத்து, அதையே ஃபில்டரா வச்சா?

நல்ல யோசனை, டெல்டாவுக்குப் பொருத்தமும்கூட. வைக்கோலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். குறுவை அறுப்பு மழையில் மாட்டும், அந்த வைக்கோலில் ஏற்கெனவே கறுப்புப் பூஞ்சை குடியேறியிருக்கும். தை, மாசியில் அறுத்த சம்பா வைக்கோல் காய்ந்தது, அதையே எடுங்கள். குலைநோய்க்கு மருந்தடித்த வயலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 3 செ.மீ. துண்டாக நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, பழுப்புச் சாறு வருவது குறையும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவையுங்கள். காளான் பண்ணையில் செய்வதுபோல ஃபார்மலின், கார்பென்டசிம் கரைசலில் ஊறவைத்தால், நீங்கள் சுத்தம் செய்யும் தண்ணீரிலேயே அவை இறங்கும். கையில் பிழிந்தால் சொட்டாமல் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு காளான் விதை, இருட்டில் 15 முதல் 20 நாள்.

5 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரக் குழாயின் கொள்ளளவு சுமார் 590 மி.லி. தண்ணீர் ஆறு மணி நேரம் தங்க மணிக்கு 100 மி.லி. விட வேண்டும். பம்ப் இல்லையென்றால் சலைன் செட் போதும். 20 சொட்டு ஒரு மி.லி. என்று போட்ட செட்டில் நிமிடத்துக்கு 33 சொட்டு. கீழிருந்து மேலாக விடுங்கள், மேலிருந்து விட்டால் ஓரமாக ஒரு வழி பிடித்து ஓடிவிடும். இழை வளர்ந்து அடைத்துக்கொள்வது எப்படியும் நடக்கும். ஆறு பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு தென்னை மட்டைச் சில்லு கலந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். பூஞ்சை இல்லாத வெறும் வைக்கோல் குழாய் ஒன்று பக்கத்தில் ஓட வேண்டும், வைக்கோலே சாயத்தைப் பிடிக்கும்.

காவேரி தண்ணிலேயே சாயம் இருக்கே, அத எடுத்து சோதிக்கலாமே?

திருப்பூர் நொய்யலும் கரூர் அமராவதியும் காவிரியில் கலப்பது கரூர் மாவட்டத்திலேயே. கல்லணை தாண்டி வந்து சேரும்போது நீர்த்துப்போயிருக்கும், 1 செ.மீ. கியூவெட்டில் எதுவும் தெரியாது. வழக்கமாக மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். எப்போது எடுத்தீர்கள், திறந்தபின் எத்தனையாவது நாள் என்று எழுதாத மாதிரிக்குப் பொருளில்லை.

நிஜக் கழிவு வேண்டுமென்றால் பட்டறையிலேயே கேட்டு வாங்குங்கள். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத் தண்ணீர் பி.எச். 10க்கு மேலும் உப்பு நிறைந்தும் வரும், 5க்கு இறக்காமல் பூஞ்சை தொடாது. திருபுவனம் மாதிரிப் பட்டு நெசவு ஊர்களில் பட்டுக்கு அமிலச் சாயம் போடுவார்கள். அந்தத் தண்ணீர் லேசான அமிலமாக, உப்பு குறைவாக, பூஞ்சைக்கு இதமாகவே இருக்கும். பட்டின் பசை எடுத்த சோப்புத் தண்ணீரை மட்டும் அதோடு கலந்து வாங்காதீர்கள். அதில் செரிசின் புரதம், அதாவது நைட்ரஜன். ஃபேனரோகீட் நைட்ரஜன் பசியில்தான் லிக்னின் நொதிகளை விடும், வயிறு நிறைந்தால் விடாது.

பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல ஒளி இழை வச்சு ஃபிளாஸ்க்குக்குள்ளேயே நிறத்த அளக்கலாம்ங்கிறாங்க. நடக்குமா?

நடக்கும், ஆனால் எதை அளக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். 1 மி.மீ. பிளாஸ்டிக் இழையின் உள்ளகத்துக்கு ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.333. உறையை 3 செ.மீ. உரித்துத் தண்ணீரில் வைத்தால் மாறுநிலைக் கோணம் 63.5 டிகிரி, அதற்கு மேல் முழு அக எதிரொளிப்பு. எதிரொளிக்கும் இடத்தில் ஒளியின் ஒரு சிறு பகுதி, எவனெசென்ட் அலை, தண்ணீருக்குள் எட்டிப்பார்க்கும். 75 டிகிரியில், 595 நானோமீட்டர் ஒளிக்கு அந்த ஆழம் சுமார் 175 நானோமீட்டர்தான். அந்த மெல்லிய படலத்தில் இருக்கும் சாயத்தை மட்டுமே அது காணும். அதனால் மாற்றம் மிகச் சிறியது. இழையை யு வடிவில் வளைத்தால் கொஞ்சம் கூடும்.

பிரச்சினை என்னவென்றால், சாயமும் பூஞ்சை இழைகளும் அந்தப் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் சமிக்ஞை ஃபிளாஸ்க்கில் உள்ள தண்ணீரைச் சொல்லாது, ஒட்டியிருப்பதைச் சொல்லும். பிளாஸ்டிக் இழையை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, 105 டிகிரியிலேயே இளகிவிடும். அசிட்டோன் கரைக்கும், வளைந்த நிலையில் ஸ்பிரிட் பட்டால் விரிசல் விடும். டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் மினுக்கல் வேறு உள்ளே வரும், எல்.இ.டி.யை 1 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். எங்கள் கருத்து: அலைநடத்தி இயற்பியல்தான் உங்கள் தலைப்பு என்றால் இதைச் செய்யுங்கள். நிறத்தை அளப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், 1 செ.மீ. கண்ணாடிக் குழாயின் ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் ஃபோட்டோடயோடு, நடுவே தண்ணீர் ஓட்டம். இது நேராக வேலை செய்யும்.

ஐ.டி.எஸ். சீக்வென்ஸ் 99 சதவீதம் மேட்ச் ஆகுது. இனப் பேர் போட்டுடலாமா?

ஐ.டி.எஸ். என்பது பூஞ்சையை அடையாளம் காண வழக்கமாக வாசிக்கும் டி.என்.ஏ. பகுதி. அதை வைத்துப் பேரினம் வரை தைரியமாகப் போடலாம். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கால்மோடுலின், டிரைக்கோடெர்மா, ஃபியூசேரியம் இரண்டுக்கும் டெஃப்1 மரபணு இல்லாமல் இனம் சொல்வது அவசரம். பொதுத் தரவுத்தளத்தில் தப்பான பெயரோடு ஏற்றிய வரிசைகளும் உண்டு. முதலில் வந்த ஒன்றை எடுக்காமல், வகைமாதிரி கல்ச்சரிலிருந்து வந்த வரிசையோடு ஒப்பிடுங்கள். வெண்ணழுகல் பூஞ்சையா என்ற சந்தேகம் இருந்தால் லாக்டோஃபீனால் காட்டன் புளூவில் பார்த்து, இழையின் குறுக்குச்சுவரை ஒட்டிக் கொக்கி மாதிரி இணைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பசிடியோமைசீட், அதாவது காளான் கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சை. இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, பல வகைகளில் அது கிடையாது.

லேமினார் ஃப்ளோல வேலை செய்யறோம், அது பாதுகாப்புதானே? முடிஞ்சதும் சிங்க்ல கொட்டிடலாமா?

இரண்டுக்கும் இல்லை. லேமினார் ஃப்ளோ கல்ச்சரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தைப் பார்த்து வீசுகிறது, வித்தோடு சேர்த்து. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஃபியூமிகேட்டஸ் எல்லாம் வித்து விட்டிருந்தால் உயிர்ப் பாதுகாப்புப் பெட்டியில்தான் திறக்க வேண்டும். அது இல்லையென்றால் திறக்காமல் விட்டுவிடுங்கள். ஃபியூசேரியம் கண்ணில் பட்டால் கருவிழிப் புண் வரை போகும், கண்ணாடி போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வித்துப் பூஞ்சை வேலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

பிளேட்டும் ஃபிளாஸ்க்கும் 121 டிகிரியில் 30 நிமிடம், பை என்றால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வாயைத் தளர்வாகக் கட்டி. இல்லையென்றால் நடுவில் ஆவி ஏறாது. பிளீச் ஊற்றியதை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், அமிலத்தோடும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சி.ஓ.டி. கழிவில் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் இருக்கும். அதற்குத் தனி கண்ணாடிக் கேன், மேலே தேதி, உள்ளே இருப்பதன் பெயர். கேன் நிறைந்ததும் அபாயகரக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கல்லூரி மூலமாகக் கொடுக்க வேண்டும். லேப் சிங்க்கின் குழாய் எங்கே போகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் அது தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து பாசன வாய்க்காலுக்கும் போகிறது.